பின்னணியில் சேர்க்கவா?

வீட்டுக் கேமரா வைத்திருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் மடையர்கள் என்பது சீனிராஜின் தீர்மானம். மீதி ஒருவர் கேமராவை வாங்கிப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பரணில் போட்டிருப்பார். அவர் மட்டும் புத்திசாலி. பதினோரு வருஷமாகக் கோவில்பட்டியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீடு வீடாகப் போய்க் கேமரா மாட்டுகிறவன், அதன் அமைப்புகளைத் திருத்துகிறவன் என்ற முறையில், அப்படித் தீர்மானிக்கும் உரிமை தனக்கு உண்டு என்று அவன் நினைத்தான். உரிமம் சட்டைப் பையில் அட்டையாகத் தொங்கியது.

ஒரு கேமராவில் நாற்பத்திரண்டு அமைப்புகள். வெளிச்சம், வண்ணம், பதிவுத் தரம், சத்தம், ஆட்கள் என்று வரிசையாக இருக்கும். சனங்களுக்குத் தெரிந்ததோ ஒரே வாக்கியம்: "தெளிவாத் தெரியணும் தம்பி." எது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று திருப்பிக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். வாங்குகிறபோது பேத்தியின் நடனத்தைப் பதிவதற்கு என்பார்கள். வீட்டுப் பதிவுச் சட்டம் என்று ஒன்று வந்து, முழுத் தரத்தில் பதிந்த பேச்சும் செயலும் விசாரணையில் சாட்சியாக நிற்கும் என்று ஆனதும் பேத்தியை மறந்துவிட்டார்கள். இப்போது மாமியாரும் மருமகளும் கேமராவுக்கு முகம் காட்டி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வாங்க போங்க என்று மரியாதையாகச் சண்டை போடுகிறார்கள். அந்தப் பதிவுகளைப் பார்த்துப் பார்த்து மனிதர்கள் மேல் அவனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போய்விட்டது.

அன்றைக்கு வந்த அழைப்பும் அதே வாக்கியந்தான். தனுஷ்கோடி அண்ணாச்சி என்று ஒருவர், ஹார்டுவேர்ஸ் கடைக்காரர். பழைய பதிவு சிலதைத் தெளிவாக்க வேண்டும், மூன்று மணிக்கு விசாரணை அதிகாரி வீட்டுக்கே வருகிறார், அதற்குள் வேலை முடிய வேண்டும் என்று கம்பெனித் தொலைபேசியில் மிரட்டியிருந்தார். சீனிராஜ் போய் இறங்கும்போது மணி ஒன்றரை.

கூடத்தில் நுழைந்ததும் அண்ணாச்சியை முழுசாகப் புரிந்துகொண்டுவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. சுவர் நிறைய அவருடைய படங்கள். வணிகர் சங்கத்துக்குப் பதினோரு மாதம் துணைத் தலைவராக இருந்தவராம். அந்தப் பதினோரு மாதத்தில் யார் யாரோ அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். பொன்னாடைதான் மாறியது, சிரிப்பு மாறவில்லை. படங்களுக்கு நடுவில், மூலையில், ஆறு வருஷத்துக்கு முந்திய மாடல் கேமரா ஒன்று கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி அவனை "ஏம்ப்பா" என்று கூப்பிட்டார். பெயர் கேட்கவில்லை, முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. உட்காரச் சொல்லாமலே கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய தாயார் ஆவுடையம்மாள் போன கார்த்திகையில் இறந்துபோனார். அதற்கு முன்னால் பதினெட்டு மாதம் இதே கூடத்தில் கட்டிலோடு கிடந்தார். கிடந்தவர் சும்மா கிடக்காமல், பதிவாளரை வீட்டுக்கு வரவழைத்து, தன் பெயரில் இருந்த இந்த வீட்டை மகள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டார். அந்தச் சமயத்தில் அம்மாவுக்குப் புத்தி சரியில்லை, எழுதியது செல்லாது என்று அண்ணாச்சி மனுப் போட்டிருக்கிறார். சாட்சி, கேமரா.

"நீயே பாரு. பாத்துட்டுச் சொல்லு, இது புத்தியுள்ள பொம்பளை பேசுற பேச்சான்னு" என்று பெரிய திரையில் ஒரு பதிவைப் போட்டார்.

கிழவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மர நாற்காலி, காலியாக. கிழவி அந்த நாற்காலியைப் பார்த்து, "இன்னைக்குக் கொழம்புல உப்பு தூக்கல்டி" என்றாள். யாரோ பதில் சொன்னதுபோல் கொஞ்ச நேரம் காது கொடுத்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, இருமி, "போடி, உனக்கு வாய் கூடிப்போச்சு" என்றாள். இன்னொரு பதிவில் காலி நாற்காலியிடம் கந்த சஷ்டி எப்போது என்று விசாரித்தாள். இன்னொன்றில் சுவரைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், யாரோ தலை வாருகிற சுகத்தில் இருப்பவள்போல.

அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. பெற்ற தாய் பைத்தியம் என்று இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் நிரூபிப்பதைச் சீனிராஜ் அதுவரை பார்த்ததில்லை. சீ, இதுவும் ஒரு பிள்ளை என்று நினைத்தான். நினைத்தாலும் வேலை வேலைதான். உரிமம் உள்ளவன் பதிவின் தெளிவைக் கூட்டலாம், காட்சியில் கைவைக்கக் கூடாது என்பது சட்டம். அவன் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தான்.

ஒரு பெண் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஐம்பது வயதிருக்கும். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை, கை மட்டும் நீட்டி எடுத்துக் குடித்தான். சீனி போடாத டீ. முப்பது வயதிலேயே சர்க்கரை வந்தவன் அவன். போகிற வீட்டிலெல்லாம் சீனி வேண்டாம் என்று சொல்லி, பேரில் இருக்கிற சீனியே போதும் என்று ஒரு நகைச்சுவையும் விடுவது வழக்கம். இந்த வீட்டில் அதற்கு வேலை வைக்கவில்லை. அண்ணாச்சிக்கும் சர்க்கரையாக இருக்கும், இந்த உடம்புக்கு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று எண்ணிக்கொண்டான்.

தெளிவைக் கூட்டக் கூட்டத்தான் ஏதோ இடறியது. கிழவியின் கை வெறுமையாக நீளும், மறுகணம் அதில் தம்ளர் இருக்கும். தம்ளர் வந்த வழி தெரியாது. காலையில் விரிந்து கிடக்கும் தலைமுடி, யாரும் வராமலே, கொண்டையாக முடிந்திருக்கும். எழுந்து நிற்கவே முடியாதவளுக்குத் தினம் ஒரு துவைத்த புடவை. அவன் அண்ணாச்சியிடம், அம்மாவை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டான். அதெல்லாம் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி சட்டை மாற்றிக்கொள்ள மாடிக்குப் போனார். அதிகாரி வரும்போது வெள்ளைச் சட்டையில் இருக்க வேண்டுமாம்.

சீனிராஜ் அமைப்புகளுக்குள் போய் 'ஆட்கள்' என்ற பக்கத்தைத் திறந்தான்.

தனுஷ்கோடி, முழுத் தரம். அவர் மனைவி, முழுத் தரம். ஆவுடையம்மாள், முழுத் தரம். வெளியூரில் இருக்கிற மகன், மருமகள், பேத்தி, எல்லாரும் முழுத் தரம். வாசலில் கட்டிக் கிடந்த நாய்கூட 'டைகர்' என்ற பெயரில் முழுத் தரத்தில் இருந்தது. கடைசியில் ஒரு சின்ன முகம். தட்டில் ஒரு தம்ளரோடு நிற்கும் ஒரு பெண். இப்போது டீ கொண்டுவந்தாளே, அவள். ஆறு வயது இளையவளாக. முகத்துக்குக் கீழே பெயர் போட வேண்டிய இடத்தில் 'யாரும் இல்லை' என்று இருந்தது. தரம் என்ற இடத்தில் 'பின்னணி'.

சீனிராஜுக்குச் சிரிப்பு வந்தது. எந்த முட்டாள் இதை மாட்டினான் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில், கேமரா தன் முதல் நாளைப் பத்திரமாக வைத்திருக்கும் இடத்தைத் திறந்து, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கேட்டான்.

"இவர் யார்?" என்று கேமராவின் பெண்குரல் பாடப்புத்தகத் தமிழில் கேட்டது.

"யாருமில்ல, நம்ம செம்பகந்தான். வீட்டோட இருக்கு" என்றது அண்ணாச்சியின் குரல்.

"யாரும் இல்லை. பின்னணியில் சேர்க்கவா?"

"என்னமோ கேக்கு. சரின்னு போடுப்பா."

பொத்தானை அமுக்கும் சத்தம். பிறகு, உற்சாகமாக ஒரு மூன்றாவது குரல்: "அவ்வளவுதான் அண்ணாச்சி, முடிஞ்சிருச்சு."

அந்தக் குரலைச் சீனிராஜுக்குத் தெரியும். தினமும் தன் வாயிலிருந்து கேட்கிற குரல்.

அந்த வருஷம் ஆடித் தள்ளுபடியில் ஒரு நாளைக்கு ஒன்பது வீடு மாட்டியது ஞாபகம் வந்தது. இந்த வீடு ஞாபகம் வரவில்லை, இந்தப் பெண் ஞாபகம் வரவில்லை. படத்தில் அவள் கையிலிருக்கும் தம்ளரை உற்றுப் பார்த்தான். அன்றைக்குக் கூடத்தில் இருந்த ஒரே விருந்தாளி அவன். அவனுக்குக் கொண்டுவந்த டீயோடு நிற்கையில்தான் அவள் இல்லாமல் போயிருக்கிறாள். பக்கத்தின் அடியில் மாட்டியவரின் உரிம எண் இருந்தது. சட்டைப் பையில் தொங்கிய அட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க அவசியம் இருக்கவில்லை. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்த்தான்.

சாட்சியைக் கெடுத்த அமைப்பு யார் எண்ணில் இருக்கிறதோ அவனுடைய உரிமம் ரத்தாகும். அந்தப் பிரிவு அவனுக்கு மனப்பாடம், ஏனென்றால் அதைச் சொல்லித்தான் மற்ற மெக்கானிக்குகளைக் கேலி செய்வான். அவன் செய்த முதல் காரியம், அந்தப் பக்கத்தை மூடியது. தெளிவைக் கூட்டினோமா, கிளம்பினோமா என்று போய்விட வேண்டியதுதான் என்று முடிவு செய்தான். இத்தனை வருஷம் ஊரையெல்லாம் மடையர்கள் என்று சொன்ன வாய், தன் முறை வந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொண்டது.

தம்ளரை வைக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியாது. டீ கொண்டுவந்த செண்பகவல்லி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"தம்பி, அந்தப் படத்துல எங்கம்மா சிரிக்கிற இடம் வருதாமே. விசாரணை முடிஞ்சதும் ஒருதரம் எனக்குப் போட்டுக் காட்டுவீகளா? அவுக சிரிச்சது அதான் கடைசி."

அவன் ஆகட்டும் என்று தலையாட்டினான். சும்மா இருக்க முடியாமல், அந்தப் படத்தில் நீங்கள் இல்லையே, அது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டான்.

"அந்த அதிகாரியம்மா போன தடவை விசாரிக்கும்போது சொன்னாக. பதினெட்டு மாசமும் நான்தான் பக்கத்துலயே இருந்தேன்னேன். இல்லையே, படத்துல நாற்காலி காலியாத்தானே இருக்குன்னு என் முகத்தைப் பாத்தே சொல்லிட்டாக" என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "எனக்கு அது பெருசாத் தெரியல தம்பி. எந்த விசேஷத்துலயும் போட்டோ எடுக்கச் சொல்லி என் கையிலதான் போனைக் குடுப்பாக. அதனால எதுலயும் நான் இருக்க மாட்டேன். இதுலயும் அப்படித்தான் போலன்னு நெனச்சேன். அம்மாவைப் பைத்தியம்ங்காகளே, அதைத்தான் தாங்க முடியல."

இருபத்தைந்தாவது வயதில் புருஷனோடு ஒத்துவராமல் திரும்பி வந்தவள். அன்றிலிருந்து இந்த அடுப்படிதான். மனு அண்ணன் பக்கம் முடிந்தால் எங்கே போவீர்கள் என்று அவன் கேட்டான். பக்கத்து ஊரில் ஆதரவற்ற பெண்களுக்கான இல்லம் ஒன்றில் அண்ணன் ஏற்கெனவே பேசி வைத்திருப்பதாகச் சொன்னாள். பை கட்டி வைக்கச் சொல்லியாயிற்று. அடுப்படி மூலையில் அந்தப் பை இருந்தது; ஒன்றே ஒன்று, அதுவும் பாதிதான் நிறைந்திருந்தது.

சீனிராஜ் கூடத்துக்குத் திரும்பினான். உண்மையைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது, சொன்னால் பிழைப்பு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருப்பதாக அவனுக்குத் தோன்றியது. பாதி உண்மையைச் சொல்லலாம். கெட்ட அமைப்பைக் காட்டிவிட்டு, அமைத்தவனை மறைத்துவிடலாம். இதைக் கண்டுபிடித்ததில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. கோழைகள் தங்கள் யோசனைகளைப் புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள்.

விசாரணை அதிகாரி நசீமா பேகம் சரியாக மூன்று மணிக்கு வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மாள். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில், முகத்தில் துக்கம் பூசி, கைகூப்பி நின்றார். அவருடைய மனைவி ஒரு கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தாள். செண்பகவல்லி வழக்கம்போல் கதவோரம். பதிவுகள் ஓடின. கிழவி இப்போது பளிச்சென்று, ஒவ்வொரு நரைமுடியும் தெரிய, காலி நாற்காலியோடு பேசினாள். அதிகாரி பேனாவை எடுத்தார்.

"மேடம்" என்றான் சீனிராஜ். "எழுதுறதுக்கு முன்னாடி, இந்தக் கேமரா இப்ப என்ன பாக்குதுன்னு ஒரு தடவை போட்டுக் காட்டுறேன்."

அண்ணாச்சி அதெல்லாம் எதற்கு என்றார். அதிகாரி போடச் சொன்னார். திரையில் அதே கூடம் வந்தது. சோபாவில் அதிகாரி, எதிரில் அண்ணாச்சி, பக்கத்தில் மனைவி, பெட்டியோடு சீனிராஜ். அவன் செண்பகவல்லியை முன்னால் வந்து அதிகாரியின் பக்கத்தில் நிற்கச் சொன்னான். அவள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். திரையில் யாரும் வரவில்லை. அதிகாரிக்குப் பக்கத்தில் அண்ணாச்சி பொன்னாடை வாங்கும் படம் மட்டும் சுவரில் தெரிந்தது.

அதிகாரி அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். எழுந்து அவள் கையைப் பிடித்தார். திரையில் அதிகாரியின் விரல்கள் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விளக்கமாகச் சொல்லுங்கள் என்றார்.

"வீட்டுல நடக்கிறது எல்லாத்தையும் முழுசாப் பதிஞ்சா கேமராவுக்கு இடம் பத்தாது மேடம். அதனால பேர் குடுத்தவங்களை மட்டும் முழுத் தரத்துல பதியும். புது ஆள் வந்தா விருந்தாளின்னு முழுசா எடுத்துக்கும். பின்னணின்னு சொல்லிட்டா, அந்த ஆளையும் அவங்க சத்தத்தையும் அழிச்சிட்டு அந்த இடத்துல சுவரையோ நாற்காலியையோ தானே வரைஞ்சிரும். ஃபேன் ஓடுறது, காக்கா கத்துறது, அதோட சேத்து இந்த அக்காவும். மாட்டுன அன்னைக்கு இது யாருன்னு கேமரா கேட்டிருக்கு. யாருமில்ல, நம்ம செம்பகந்தான்னு அண்ணாச்சி சொல்லியிருக்காக. நாம யாரைக் கேட்டாலும் அப்படித்தானே மேடம் சொல்லுவோம்? போன்ல யார்னு கேட்டா, யாருமில்ல, நம்ம மாமாதான்னு. இதை வேற எங்கேயோ இருந்து செஞ்சு அனுப்பினவனுக்கு அது தெரியல. முதல் வார்த்தையை அப்படியே எடுத்துக்கிச்சு."

அதிகாரி அந்தச் சிரிப்புப் பதிவை மறுபடி போடச் சொன்னார். திரையில் ஆவுடையம்மாள், "இன்னைக்குக் கொழம்புல உப்பு தூக்கல்டி" என்றாள். பிறகு அந்த இடைவெளி வந்தது. அந்த இடைவெளிக்குள் செண்பகவல்லி, திரையைப் பார்த்தபடி, யாரும் கேட்காமலே சொன்னாள்:

"கொழம்புல இல்லம்மா. அண்ணன் நாளைக்கு மாடியிலருந்து இறங்கி வந்து பாக்கேன்னு சொன்னாகல்ல, அதை நம்பிக் காத்திருந்து அழுதியே, அந்தக் கண்ணீரு விழுந்திருக்கும்."

திரையில் கிழவி வயிறு குலுங்கச் சிரித்தாள். "போடி, உனக்கு வாய் கூடிப்போச்சு."

ஒரு நொடிகூடப் பிசகவில்லை. அண்ணாச்சியின் மனைவி கைக்குட்டையை எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் மடித்து மடித்து விரித்தாள். செண்பகவல்லி அழுதாள். அம்மா இறந்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை என்று பிறகு அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அழ நேரமில்லாமல் வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாளாம்.

அதிகாரி அண்ணாச்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆறு வருஷம். பேத்தி காதுகுத்து, தீபாவளி, பொங்கல்னு எத்தனையோ பாத்திருப்பீங்க. ஒண்ணுலகூட உங்க தங்கச்சி இல்ல. ஒரு நாளாச்சும் அவ எங்கேன்னு தேடுனீங்களா?"

"அவ எங்க போயிருவா மேடம்" என்றார் அண்ணாச்சி. "அடுப்படியில இருப்பான்னு நெனச்சோம்."

நாயைக் காணோம் என்றால் தேடியிருப்பார். இவரைக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது சீனிராஜுக்கு. அந்த நினைப்பின் சூட்டில் தன் பங்கை அவன் மறந்தேபோனான். அதிகாரி அவன் பக்கம் திரும்பி, இதை மாட்டியது யார், எதைச் சேர்க்கிறோம் என்று பார்க்காமல் சரி போட்ட ஆள் யார் என்று கேட்டபோதுதான் தூக்கிவாரிப் போட்டது.

"யாருமில்ல மேடம்" என்றான். "பழைய ஆளு ஒருத்தன். இப்ப இந்தத் தொழில்லயே இல்ல."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். உரிம எண் அந்த முதல் நாள் பக்கத்தின் அடியில்தான் இருந்தது. அவருக்குப் புரட்டிப் பார்க்கத் தெரியவில்லை. அவரும் அந்தத் தொண்ணூற்றொன்பதில் ஒருவர்தான் என்று சீனிராஜ் மூச்சுவிட்டான். அண்ணாச்சி ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் முகத்தைப் பார்த்திருந்தால் அல்லவா இப்போது அடையாளம் சொல்ல? செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் காலடியில் இருந்த காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. ஆவுடையம்மாள் தெளிந்த புத்தியோடுதான் எழுதிக்கொடுத்திருக்கிறார், வீடு மகளுக்கே, மனு தள்ளுபடி. மறுநாள் கம்பெனியிலிருந்து சீனிராஜுக்கு அழைப்பு. வீட்டுக்காரர் மாறியதால் கேமராவின் ஆட்களை எல்லாம் புதிதாகச் சொல்லிப் பதிய வேண்டும், அன்றைக்கு வந்த தம்பியேதான் வர வேண்டும் என்று செண்பகவல்லி கண்டிப்பாகக் கேட்டதாகச் சொன்னார்கள். நன்றி சொல்லக் கூப்பிடுகிறாள் என்று அவன் நினைத்தான். போகிற வழியில் வண்டிக் கண்ணாடியில் தலையைக்கூட வாரிக்கொண்டான்.

கூடத்தில் பொன்னாடைப் படங்கள் அப்படியே இருந்தன. அண்ணாச்சியும் அப்படியே இருந்தார், ஓரமாக ஒரு நாற்காலியில், பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு. செண்பகவல்லி அவரைப் போகச் சொல்லவில்லை. அந்த மர நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுக் கூடத்தில் அவள் உட்கார்ந்து அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பழைய பட்டியலை அழித்துவிட்டுக் கேமராவை முதலிலிருந்து கேட்க வைத்தான். அது கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, அவளிடம் வந்து நின்றது.

"இவர் யார்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் செண்பகவல்லி. இந்த வீட்டுக்காரி."

"செண்பகவல்லி. முழுத் தரத்தில் பதிகிறேன். சரியா?"

சீனிராஜ் சரி என்று அமுக்கினான். கேமரா அண்ணாச்சி பக்கம் திரும்பியது. "இவர் யார்?"

இங்கேதான் வாய் தவறும் என்று எண்ணி, அவன் அவசரமாக, பார்த்துச் சொல்லுங்கக்கா, அந்த வார்த்தை வந்துவிடப் போகிறது என்று எச்சரித்தான். அவள் சிரித்தாள்.

"எனக்கு அது வராது தம்பி. இவுக எங்கண்ணன் தனுஷ்கோடி. இருக்கிறதுலயே எது கூடுன தரமோ அதுல போடுங்க. இனிமே இவுக என்ன சொன்னாலும் என்ன செஞ்சாலும் தெளிவாத் தெரியணும்."

பேப்பர் கொஞ்சம் தாழ்ந்து, மறுபடி உயர்ந்தது. சீனிராஜுக்குக் குதூகலமாக இருந்தது. அமுக்கினான். அவள் எழுந்து உள்ளே போய் டீ கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தான். சீனி இல்லை. அப்போதுதான், போன தடவையும் இப்போதும் இந்த வீட்டில் தான் சீனி வேண்டாம் என்று சொல்லவே இல்லையே என்பது உறைத்தது. நிமிர்ந்து, முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"பேரு சீனிராஜ்னீக, டீயில சீனி வேண்டாம்னீக. பேர்ல இருக்கிறதே போதும்னு நீங்களே சொல்லிச் சிரிச்சீக. அப்படி ஒரு ஆளை எப்படித் தம்பி மறப்பேன்?" என்றாள். "அன்னைக்கு நீங்க வந்து வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே தெரிஞ்சிக்கிட்டேன்."

அதிகாரி கேட்டபோதே ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்டான்.

"நீங்களே சொல்லுவீகன்னு பாத்தேன். யாருமில்லன்னு சொல்லிட்டீக."

அதற்குள் கேமரா தன் பாட்டுக்குத் திரும்பி, தம்ளரும் கையுமாக நிற்கிற அவனைக் கண்டுபிடித்துவிட்டது.

"இவர் யார்?"

செண்பகவல்லி கேமராவைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக, அதற்குப் புரியும்படி நிறுத்திச் சொன்னாள். "இவுக பேரு சீனிராஜ். ஆறு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கேமராவை இங்க மாட்டினவுக. என்னையப் பின்னணியில சேத்துச் சரின்னு அமுக்கினவுக."

"சீனிராஜ்" என்றது கேமரா. "முழுத் தரத்தில் பதிகிறேன். சரியா?"

அண்ணாச்சி பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாகச் சீனிராஜின் முகத்தைப் பார்த்தார். கேமரா ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டு, சரியா என்று மறுபடி கேட்டது. பொத்தான் அவன் கையில்தான் இருந்தது.